மதிலில் கிண்டல் கீறலாமா? வன்னிப் பெடியள் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியின் கிளிநொச்சியில் கடைப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன் நான். அச்சடித்த பனர் வந்த பிறகு தூரிகை வேலை பாதியாகக் குறைந்தது. அந்த ஓய்வு நேரத்தில் விளையாட்டுக் கழகத்துப் பெடியளும் சித்திரம் படிக்கிற பிள்ளைகளும் கடைக்கு வந்து குந்துவார்கள். தெருவில் கிண்டல் படம் கீறுவது பற்றி அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே போட்டிருக்கிறேன். சில பதில் நீளம், சில பதில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த அளவு அப்படி.

கிண்டல் தெரு ஓவியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பள்ளிக்கூட மதிலில் மயில் கீறுவதும் தெரு ஓவியம்தானே?

மயில் மதிலை அழகாக்கும். கிண்டல் படம் அந்த மதிலுக்கு முன்னால் நடக்கிற ஒன்றைக் காட்டிக் கொடுக்கும். தண்ணீர் வராத குழாயடியில் ஒரு கொக்கு குடத்தோடு வரிசையில் நிற்பதுபோலக் கீறினால் அது கிண்டல். அதே கொக்கை வாசிகசாலைச் சுவரில் கீறினால் வெறும் கொக்கு. பாதிக் கிண்டலை இடமே சொல்லிவிடும், மிச்சத்தைத்தான் கை செய்கிறது. கீழே வருகிற பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இதற்குத்தான் வரும்.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா? எங்கள் ஊரில் எங்கே இருந்தது?

ஸ்ப்ரே டப்பா வெளிநாடு. பழக்கம் எங்களுடையது. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருவழியே இழுத்து ஒப்பாரி வைத்தவர்கள் எங்கள் முன்னோர். ஊரில் யாரோ செய்த பாவத்துக்குத்தான் வானம் பூட்டிக்கொண்டது என்று வைக்கோல் பொம்மையை வைத்துச் சொன்னார்கள். அந்த யாரோ யார் என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். கூத்தில் கோமாளி ராசாவை நையாண்டி பண்ணுவான், ராசா வேடம் போட்டவர் முறைத்துக்கொண்டு நிற்பார். வயலில் குருவி விரட்டுகிற வெருளிப் பொம்மைக்குப் பழைய உத்தியோகத்தர் சட்டை மாட்டிவிடுகிற குசும்பும் எங்களிடம் உண்டு.

அச்சில் வேண்டுமென்றால், 1963இல் சிரித்திரன் இதழைத் தொடங்கிய சிவஞானசுந்தரம் இருக்கிறார். சுந்தர் என்ற பெயரில் கீறியவர். அவருடைய சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் இன்றைக்கும் வயதானவர்கள் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

அப்படியென்றால் வன்னி மதில்களில் ஏன் ஒன்றையும் காணவில்லை?

முதல் காரணம் சில்லறைக் காரணம்: மதில் இருக்கவில்லை. கிடுகு வேலி, கதியால் வேலி, அப்புறம் தகரம். ஒழுங்கான கல்மதில் வீதிக்கரையில் நிறைய எழும்பியது 2010க்குப் பிறகுதான்.

இரண்டாவது காரணம் பெரியது. இங்கே சுவரும் பலகையும் எப்போதும் மேலே இருக்கிறவர்களின் வாயாகவே இருந்தன. விடுதலைப் புலிகள் இயக்கக் காலத்தில் ஏ9 வீதி ஓரமெல்லாம் பெரிய பெரிய ஓவியத் தட்டிகள் நின்றன. கீறியவர்கள் கைதேர்ந்தவர்கள், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எதிரியைக் கிண்டல் பண்ணலாம், இயக்கத்தைக் கிண்டல் பண்ண முடியாது. தெருவெளி நாடகத்திலும் அதே அளவுகோல். 2009இல் போர் முடிந்த பிறகு தட்டிகள் போய் நினைவுச்சின்னங்கள் வந்தன. பீரங்கிக் குண்டு துளைத்த கொங்கிறீற்றுக் கட்டியில் தாமரை பூப்பதுபோல ஒன்று கிளிநொச்சி நடுவில் நிற்கிறது. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அதற்குள்ளே தொண்டு நிறுவனங்கள் வந்து கை கழுவு, நுளம்பை ஒழி, மிதிவெடியைத் தொடாதே என்று பள்ளிக்கூடச் சுவர்களை நிரப்பின. அந்தச் சிவப்பு மண்டையோட்டுப் படத்தால் பிள்ளைகளின் உயிர் தப்பியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக அரசியல்வாதிகள். பஸ் தரிப்பிடத்தைவிட ‘இன்னாரின் நிதியொதுக்கீட்டில்’ என்ற கல்வெட்டுப் பெரிதாக இருக்கும் ஊர் இது.

இப்படி நாற்பது வருசம் அடுத்தவர் எழுதியதை வாசித்துப் பழகிய சனம் தூரிகையை எடுக்க யோசிக்கும். மூன்றாவது காரணம் பயம். அதை விளக்கத் தேவையில்லை. 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கேலிச்சித்திரம் கீறிய பிரகீத் எக்னலிகொட காணாமல் போனார். அவர் கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். அவருக்கே அந்த நிலை என்றால் எங்கள் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

2019இல் நாடெங்கும் பெடியள் சுவர் ஓவியம் கீறினார்களே, அது என்ன கணக்கு?

நவம்பர் 2019 தேர்தல் முடிந்த கையோடு, கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியான உற்சாகத்தில் கிளம்பிய அலை அது. தெற்கில் பழைய மன்னர்கள், இராணுவ வீரர்கள், அருவி, யானை. சுவர் துப்புரவானது, உண்மை. கிண்டல் ஒரு சொட்டும் இல்லை. ஆட்சிக்கு வந்தவரைக் கொண்டாடும் சுவருக்குப் பெரிய தடை ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அதே பிரஷ்ஷால் அதே இடத்தில் வேறு எதையாவது கீறியிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்று வருசம் போகவில்லை. 2022 ஏப்ரலில், கோட்டாபயவைப் போகச் சொல்லிக் கொழும்புக் காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ என்ற போராட்டக் களம் எழும்பியது. ‘கம’ என்றால் சிங்களத்தில் கிராமம். அரசாங்கம் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் வைப்பதுபோலவே வைத்த பெயர், அதுவே நல்ல பகிடி. கூடாரம், உருவ பொம்மை, கேலிப் படம் என்று அந்த இடமே ஒரு கண்காட்சி. ஜூலை 13இல் கோட்டாபய நாட்டைவிட்டுப் போனார்.

அரகலய என்ற அந்தப் போராட்ட நேரம் வன்னி ஏன் பேசாமல் இருந்தது?

எரிபொருள் வரிசை இங்கும் இருந்தது, பட்டினி இங்கும் இருந்தது. ஆனால் ‘நாங்கள் அழுதபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்’ என்ற கேள்வி தொண்டையில் நின்றது. 2022 மே 18 அன்று அதே காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்த என் பக்கத்துக் கடை அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் பெரிதாக்கிப் பார்த்தார். வேறு என்ன நான் சொல்ல.

உலகத்தில் யாரைப் பார்த்துப் படிக்கலாம்?

எல்லோரும் பாங்ஸி என்பார்கள், முகம் காட்டாமல் தெருவில் கீறுகிற இங்கிலாந்து ஓவியர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூர்.

2015இல் அங்கே பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் நடுவீதியில் பெரிய கிடங்கு, அதாவது குழி ஒன்றைக் குளம்போலப் பச்சை நீலமாக்கி, அதற்குள் ஆளுயர முதலை பொம்மை ஒன்றை வைத்தார். சனம் நின்று படம் எடுத்தது, செய்தி பரவியது, ஆட்கள் வந்து கிடங்கை மூடினார்கள். 2019 செப்டம்பரில், சந்திரயான் 2 நிலவில் இறங்கவிருந்த நாட்களில், விண்வெளிச் சட்டை போட்ட ஒருவரை உடைந்த வீதியில் மெதுவாக மிதந்து நடக்க விட்டுப் படம் பிடித்தார். நிலவு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தால் ஒரு ஓட்டோ போகும். அவ்வளவுதான் பகிடி. யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை.

(முதலையை இங்கே வைக்க நினைக்காதீர்கள். இரணைமடுக் குளத்துப் பக்கம் வைத்தால் சனம் படம் எடுக்காது, பொல்லோடு வரும்.)

டாக்காவில் 2017இல் ‘சுபோத்’ வந்தான். பரட்டைத் தலை ஆள் ஒருவன் கூண்டில் அடைத்த சூரியனைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பக்கத்தில் வங்காளத்தில், சுபோத் நீ ஓடிப்போ, இப்போது காலம் சரியில்லை என்ற பொருளில் எழுத்து. சுபோத் என்றால் நல்ல புத்தி. நல்ல புத்தியை ஊரைவிட்டு ஓடச் சொல்கிற படம், கீறியவர் யாரென்று தெரியாது. யார் யாரெல்லாம் வன்னியைவிட்டுப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் படம் எங்களுக்கு விளங்கும்.

கெய்ரோவில் 2011இல் கன்சீர் என்பவர் பாலத்தின் கீழே ஒரு டாங்கியைக் கீறினார். அதற்கு எதிரே தலையில் ரொட்டித் தட்டோடு சைக்கிள் ஓடுகிற பெடியன். ஆளுயரத்துக்கு மேலே போகிற டாங்கி, ஒரு சைக்கிள். விளக்கக் குறிப்பு வேண்டாத படம்.

பாங்ஸி படம் கோடிக்கு விலைபோகிறதாமே? இதில் காசு உண்டா?

2018இல் லண்டன் ஏலத்தில் பலூன் சிறுமிப் படம் 10 லட்சம் பவுணுக்கு மேல் போன கணமே சட்டகத்துக்குள் இருந்த கத்தி படத்தின் பாதியைக் கீலம் கீலமாக அறுத்தது. காசைக் கிண்டல் பண்ணத்தான் அப்படிச் செய்தார். 2021இல் அந்த அறுந்த படம் 1 கோடி 85 லட்சம் பவுணுக்குப் போனது. காசு திரும்பக் கிண்டல் பண்ணிவிட்டது.

இதைவிட எனக்கு மனதில் நிற்கிறது காசா கதை. 2015இல் பெய்த் ஹனூனில் குண்டு விழுந்து நொறுங்கிய வீட்டின் மிஞ்சிய சுவரில் வெள்ளைப் பூனைக்குட்டி ஒன்றைக் கீறினார். இணையத்தில் சனம் காசா இடிபாட்டைப் பார்க்காது, பூனைக்குட்டியைத்தான் பார்க்கும் என்பது அதில் உள்ள குத்தல். அதே பயணத்தில் இன்னொரு இடிந்த வீட்டின் இரும்புக் கதவில் அழுகிற பெண் ஒருத்தியைக் கீறினார். வீட்டுக்காரருக்கு அதன் பெறுமதி தெரியாது. ஒருவர் வந்து 200 டொலருக்கும் குறைவாகக் கொடுத்துக் கதவை வாங்கிக்கொண்டு போனார். வீடு போனது, படமும் போனது. 2009க்குப் பிறகு பழைய இரும்பு லொறிகள் வன்னிக்குள் வந்து கதவு, தகரம், சைக்கிள் சட்டம் என்று அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

உங்களுக்குக் காசு வருமா? வராது. பெயின்ட் காசும் கையிலிருந்து போகும்.

நீங்கள் ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

இரண்டு. முதலாவது படுதோல்வி. எட்டுக் கையும் எட்டுத் திசையில் பிடுங்குகிற ஒரு அரசியல்வாதியை, அனுமதி வாங்கிய ஒரு சுவரில் நான்கு நாள் கீறினேன். நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். முல்லைத்தீவில் இருந்து வந்த மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி நல்ல நேரம் பார்த்தார். ‘தம்பி, கணவாய்க்கு உப்பிடிக் கால் வராது’ என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எந்த ஊருக்கும் பொருந்துகிற படம் எந்த ஊரையும் தொடாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

இரண்டாவது வெருளி. எங்கள் பக்கத்து உள்வீதி ஒன்றில் ஒரு கிடங்கு. மாரி வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை காவி நிறத்தில்தான் வீடு திரும்பும். ஒவ்வொரு வருசமும் அதற்குப் பொறுப்பான இடத்தில் இருந்து ஆட்கள் வருவார்கள், நாடாவை விரித்து அளப்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். வீதி மட்டும் வராது. அந்த மாரியில் நாங்கள் மூன்று பேர் வைக்கோல் அடைத்து ஒரு வெருளி செய்தோம். நீளக் கால்சட்டை, கழுத்துப்பட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனை. உடைந்த பிளாஸ்டிக் கதிரையில் கிடங்குக் கரையில் இருத்தி, ஒரு கையில் அளவுநாடாவையும் மற்றக் கையில் தூண்டில் தடியையும் கட்டினோம். கழுத்தில் மட்டை: ‘அளந்து முடிந்தது. அடுத்த மாரிக்கும் அளக்கப்படும்.’

காலை ஆறரைக்கு வைத்தோம். ஏழு மணிக்கு ஒரு அம்மம்மா வந்து, மழையில் நனையுதே என்று பழைய குடை ஒன்றை அதன் தோளில் சொருகிவிட்டுப் போனார். அந்தக் குடையை நாங்கள் யோசித்திருக்கவே மாட்டோம். அதற்குப் பிறகுதான் அது முழுதாகியது. பால்கார ஐயா ஒருவர் வெகு மரியாதையாக, ‘ஐயா, சாப்பிட்டீங்களோ? எப்ப ரோட்டுப் போடுவியள்?’ என்று கேட்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள் வெருளியைக் காணவில்லை, கிடங்கு இருந்தது. இரண்டு கிழமை கழித்து ஒரு லோட் கிரவல் வந்து கொட்டியது. அடுத்த பெருமழை அதையும் கொண்டுபோனது. சரி, ஆனால் இப்போதும் அங்கே யாராவது நாடாவோடு வந்தால் சனம் ‘குடை கொண்டு வந்தனியளோ’ என்று கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. மதிலுக்குத் தரவில்லை. அடுத்தவர் சுவரில் கேட்காமல் கீறினால் அது சொத்துக்குச் செய்த சேதம். அரச சொத்து என்றால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் இருக்கிறது, அதில் பிணை எடுப்பது இலேசு இல்லை. ஒரு படத்துக்காக ஒரு பெடியன் விளக்கமறியல் சிறைக்குள் இருப்பதை நான் விரும்பமாட்டேன். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம் படத்தில் இருந்தால் பேச்சு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் போய்விடும், அங்கே பகிடி என்ற வாதம் எடுபடாது. படத்தைக் கைபேசியில் எடுத்து இணையத்தில் போட்டால் 2024 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேர்தல் காலத்தில் சுவர்ப் பக்கமே போகாதீர்கள்.

அதனால்தான் தூக்கிக்கொண்டு போகக்கூடியதைச் செய்யுங்கள் என்கிறேன். வெருளி, மட்டை, தகரத்துண்டு, சொந்த வீட்டு வேலி, மழையில் கரைகிற வெண்கட்டி. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது, நான் போர்ட் எழுதுகிறவன்தான்.

ஸ்டென்சிலில் தமிழ் எழுத்து வெட்டினால் கிழிந்து விழுகிறதே?

ஆங்கில எழுத்துக்கு வெட்டுகிற மாதிரி வெட்டினால் விழத்தான் செய்யும். ட, ப இரண்டுக்கும் ஓட்டை இல்லை, அப்படியே வெட்டலாம். க, த, வ, ண எல்லாம் சுழி உள்ளவை. சுழியைச் சுற்றி வெட்டினால் நடுத்துண்டு கழன்றுபோய், அடித்த பிறகு எழுத்து கறுப்புக் கட்டியாகத் தெரியும். சுழிக்கு இரண்டு பக்கமும் நெருப்புக்குச்சி அகலத்தில் ஒரு பாலம் விடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. வாசிக்கிற கண் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சொல்லைக் குறையுங்கள், ஐந்து சொல்லுக்கு மேல் போனால் சைக்கிளில் போகிறவர் வாசிக்கமாட்டார்.

அட்டை ஈரத்தில் ஊறிவிடும். பழைய எக்ஸ்ரே படம்தான் நல்லது: வளையும், கிழியாது, கழுவலாம். பெடியள் வீடுகளில் இருந்து கொண்டுவந்து தருவார்கள். ஒருநாள் வெட்டுவதற்கு முன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புக்குப் பக்கத்தில் அரிசிமணி அளவில் வெள்ளையாக மூன்று பொட்டு. ‘அது அப்பாட, ஷெல் பீஸ் இன்னும் உள்ளதான் இருக்கு’ என்றான் கொண்டுவந்தவன். அதை உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெயர்ப்பலகைகளில் தமிழைக் கொலை செய்கிறார்களே, அதைக் கிண்டல் பண்ணலாமா?

வேலைக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த கேள்வி. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. பலகையில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி போன இடம் தெரியாது. பலகையைத் தொடாதீர்கள். படம் எடுத்து அச்சடித்து, வாத்தியார் சிவப்புப் பேனையால் திருத்துவதுபோலச் சுழித்து, மூலையில் பத்துக்கு இரண்டு போட்டு, ‘பெற்றோர் கையொப்பம்’ என்று கீழே கோடு இழுத்து உங்கள் கடை வாசலில் தொங்கவிடுங்கள். ஆனால் முதலில் உங்கள் சொந்த எழுத்தை யாரிடமாவது காட்டுங்கள். எனக்கும் ஒருமுறை ‘குளிர்பானம்’ என்பதில் ர் விட்டுப்போய் ஒரு வருசம் கடை வாசலில் தொங்கியது.

யாரைக் கிண்டல் பண்ணக்கூடாது?

திருப்பிக் கொடுக்க முடியாதவரை. குடிகாரத் தகப்பன், சாதி, நிறம், ஊனம், கணவன் இல்லாத பெண் என்று கீறிச் சிரிப்பவர்கள் ஏற்கெனவே தேநீர்க்கடையில் இருக்கிறார்கள், மதிலுக்கும் அது வேண்டாம்.

இடத்திலும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். அங்கே கட்டியிருந்த படங்கள் வெயிலில் வெளுத்து வெளுத்து, ஆளுக்கும் தாளுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் போயின. அந்தப் பக்கத்தில் எவ்வளவு நல்ல பகிடியும் வேண்டாம். இயக்கத்தில் இறந்தவர்களைப் புதைத்த துயிலும் இல்லங்கள் பக்கமும் அப்படியே. இராணுவ நினைவுச்சின்னத்தில் கீறலாமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் தம்பி, சட்டம் ஒரு பக்கம், அதற்குள்ளும் யாரோ ஒரு தாயின் பிள்ளை இருக்கிறான்.

வெள்ளை அடித்து மறைத்துவிட்டால்?

கெய்ரோ டாங்கியைச் சொன்னேனே, அதன் சக்கரத்தடியில் பிறகு வேறு ஓவியர்கள் நசுங்கிக் கிடக்கும் ஆட்களைக் கீறிச் சேர்த்தார்கள். இராணுவத்தை ஆதரித்தவர்கள் வந்து அந்த ஆட்களை மட்டும் அழித்தார்கள், டாங்கியை விட்டுவிட்டார்கள். மறுபடி வேறு ஆட்கள் வந்து கீறினார்கள். யார் எதை அழிக்கிறார் என்பதும் படத்தில் சேர்ந்துவிட்டது. கீறியவுடன் ஒரு படம் எடுத்து வையுங்கள், அழித்த பிறகும் ஒன்று எடுங்கள்.

இதனால் ஏதாவது மாறுமா?

2011 தொடக்கத்தில் சிரியாவின் தரா நகரில் பள்ளிப் பிள்ளைகள் சுவரில் ஒரு வரி எழுதினார்கள்: அடுத்தது உன் முறை, டொக்டர். ஜனாதிபதி அசாத் கண் வைத்தியம் படித்தவர். பிள்ளைகளைப் பிடித்து வதைத்தார்கள், ஊர் எழும்பியது, போர் வந்தது. அசாத் ஓடியது 2024 டிசம்பரில். இடையில் போன உயிர்கள் லட்சக்கணக்கு. இந்தக் கதையைச் சொல்லி யாரையும் உசுப்பேற்ற எனக்கு வாய் வராது, நாங்கள் இருக்கிற மண் அப்படி. என் கணக்கு சின்னது: ஒரு லோட் கிரவல், ஒரு குடை.

எங்களுக்குப் பழக்கிக் காட்டுவீர்களா?

ஞாயிறு பின்னேரம் கடை பூட்டித்தான் இருக்கும், பின்பக்கத்தால் வாருங்கள். வெட்டுக்கத்தி நான் தருகிறேன். பழைய நீளக்கை சட்டை இருந்தால் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள், வைக்கோல் கிடக்கிறது. இந்த முறை குளத்து வாய்க்காலில் தண்ணீர் திறக்காத மதகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.